ஆடு விற்றவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய செய்தித் தலைப்புகளை எடுத்து 'இப்படி நடந்திருந்தால்?' என்று கற்பனை செய்யும் நகைச்சுவைப் பக்கத்தை நான் விடாமல் படிப்பவன். சென்ற இதழில், அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளிக் கூடம் பூமியில் விழப்போகிறது என்ற 1979 செய்தியை எடுத்திருந்தீர்கள். அது மவுண்ட் ரோட்டில் விழுந்திருந்தால் பழைய இரும்புக் கடைக்காரர்கள் எப்படி அடித்துக்கொண்டிருப்பார்கள், கல்யாணப் பந்தியில் விழுந்திருந்தால் சம்பந்தி வீட்டார் என்ன குறை சொல்லியிருப்பார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தது. அதுவரை சரி, நானும் சிரித்தேன். கடைசியில் ஒரு வரி: 'ஸ்கைலாப்பின் துண்டு விழாவிட்டாலும், ஆட்டை விற்றுத் தின்ற பட்டிக்காட்டான் தலையில் துண்டு விழுந்தது.'

அந்தப் பட்டிக்காட்டான் என் அப்பா.

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கரிசல் காடு, மானாவாரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். அந்த ஜூலையில் தலைப்பை வாசித்த உடனேயே பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். உள்ளே பொடி எழுத்தில் என்ன விளக்கம் இருந்தது என்று கேட்க ஆள் இல்லை. எங்கேயாவது யாராவது ஒரு மனிதர் அடிபட 152ல் ஒரு பங்கு வாய்ப்பு என்று நாசா ஒரு கணக்குச் சொல்லியிருந்தது. அது எங்கள் தெருவுக்கு வருவதற்குள் 152 ஊர் அழியப்போகிறது என்று ஆகிவிட்டது. குறிப்பிட்ட ஒரு ஆள் மேல் விழ 60,000 கோடியில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்ற கணக்கும் இருந்தது. அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் என் அப்பா ஆட்டுப் பட்டியைத் திறந்திருக்கவே மாட்டார்.

சந்தையில் ஆட்டு விலையைத் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். அந்த வாரம் ஊருக்குள் வந்த வியாபாரி தோளில் கிடந்த துண்டை எடுக்கவே இல்லை. எல்லார் முன்னாலும் வாயால் ஒரு விலை சொன்னார். பாதி விலைகூடத் தேறாது. அப்பா பேரம் பேசாமல் கயிற்றைக் கையில் கொடுத்தார். அம்மா அடையில் உட்கார்ந்திருந்த கோழியைத் தூக்கி அடித்துக் குழம்பு வைத்தாள். சாகும்போது பிள்ளைகள் வயிறு நிறைஞ்சு சாகட்டும் என்றாள். அடைக்கூடையில் கிடந்த முட்டைகள் கூழாகிப்போய் வீடே நாறியது. புரட்டாசி விதைப்புக்கு வைத்திருந்த ஆடுகள் அவை. அந்த வருஷம் வட்டிக்கு வாங்கித்தான் விதைத்தோம். அந்த வியாபாரியும் அதே பேப்பரை வாசித்தவர்தான் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல. 1974க்குப் பிறகு ஆள் யாரும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த 77 டன் கூடம் அது. சூரியனின் சீற்றம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகி, மேல் காற்றுமண்டலம் விரிந்து, அதைக் கீழே இழுத்துவிட்டது. தூக்கி நிறுத்தப் போக வேண்டிய விண்கலம் 1981 வரை தயாராகவில்லை. தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே கடலில் விழும்படி திருப்பிவிட்டவர்கள் கணக்கும் பிசகி, மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் என்ற ஊர் வரை வந்து சிதறியது. நாசாவின் கணக்கே தப்பியிருக்கிறது. ஆடு மேய்த்தவர் கணக்கு தப்பியதற்கு நாற்பது வருஷம் கழித்தும் கேலியா?

சிரிக்கத்தான் வேண்டும் என்றால் விஷயமா இல்லை? எஸ்பரன்ஸ் ஊராட்சி, குப்பை போட்டதற்கு நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டதே! அதை 2009ல் ஓர் அமெரிக்க வானொலிக்காரர் நேயர்களிடம் வசூலித்துக் கட்டினாரே! முதல் துண்டைக் கொண்டுவருபவருக்கு ஒரு சான்ஃபிரான்சிஸ்கோ பத்திரிகை அறிவித்த 10,000 டாலரை, அந்த ஊர்ப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய் வாங்கினானே! அமெரிக்காவில் முதுகில் குறிவட்டம் போட்ட சட்டை விற்றார்கள், ஸ்கைலாப் விருந்து வைத்தார்கள். அவர்கள் பணம் செலவழித்துத் தின்றால் வேடிக்கை, எங்கள் வீட்டில் தின்றால் முட்டாள்தனமா?

முன்பும் இதே பக்கத்தில் 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த செய்தி வந்தபோது, கோயில் வாசலில் டம்ளரோடு நின்ற பெண்களைத்தான் கிண்டல் செய்திருந்தீர்கள். 2016ல் ஸ்டூடியோவில் கோட்டு போட்டுக்கொண்டு, 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, மண்ணுக்குள் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று சொன்ன டிவிக்காரர்களை அந்தப் பக்கம் இதுவரை தொட்டதில்லை. செய்தியை நம்பியவன்தான் எப்போதும் அகப்படுகிறான், அதைப் போட்டவரை ஒருவரும் கேட்பதில்லை.

ஸ்கைலாப் விழுந்து சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி ஊரே மூழ்கியது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நிஜமாகவே தலைக்கு மேல் நின்ற தண்ணீரைப் பற்றி அந்த மக்களுக்கு முன்கூட்டி ஒரு தலைப்பும் வரவில்லை. கற்பனை செய்ய வேண்டியது இதையல்லவா?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கண்மாய் உடைந்துவிட்டது என்று சில வருஷம் முன்பு ஒரு நாளிதழில் முதல் பக்கத்தில் வந்தது. உடையவில்லை. திருத்தம் டெண்டர் விளம்பரத்துக்கு அடியில் வந்தது. அதற்குள் சம்பந்தி வீட்டார் வேன் பிடித்துப் பார்க்க வந்துவிட்டார்கள். அதைப் பற்றி அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் வரியில் இதழைப் பாராட்டியிருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் போட்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள். வாசகர் கடிதப் பக்கம் இப்போது அரைப்பக்கமாகச் சுருங்கியதும் எனக்கு வருத்தம்தான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. இனி இந்தப் பக்கத்தில் ஒரு பழைய தலைப்பைப் போடும்போது, அது எந்தத் தேதியில் வந்தது, சில நாள் கழித்து அதே பத்திரிகை அதைப் பற்றி என்ன எழுதியது என்று கீழே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஆட்டு வியாபாரி வரும் பாராவை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
அருப்புக்கோட்டை