கோர்தோபாவில் இரண்டு நாள்

அன்புள்ள பாப்பா,

ஊருக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. வீட்டை ஒழுங்கு பண்ணி, வந்தவர் போனவருக்கெல்லாம் நீ கொடுத்தனுப்பிய சாக்லேட்டைப் பங்கு போட்டு முடித்து, இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது. போனில் தினமும் பேசுகிறோம். ஆனால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் எனக்குப் போனில் ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பெயினில் நீ இருக்கிற மாட்ரிட்டிலிருந்து நான் தனியாகக் கோர்தோபா போய்விட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அத்தோச்சா ஸ்டேஷனில் வந்து இறங்கினபோது, "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டாய். "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு, கால் வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டேன். உன் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். சொல்ல நிறைய இருந்தது, பாப்பா. எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

நீ முதல் தடவை செகோவியாவுக்குத் தனியாகப் போய் வந்து படம் அனுப்பினாயே, அன்றைக்கு நான் உன்னிடம் பேசினது எனக்கு மறக்கவில்லை. கூட யாரும் இல்லாமல் ஒரு பெண் எதற்கு ஊர் ஊராக அலைய வேண்டும் என்று கேட்டேன். இன்னும் கடுமையாகவும் ஏதோ சொன்னேன். அதற்கப்புறம் நீ எங்கேயும் போகும் முன்னால் சொல்வதில்லை, போய் வந்த பிறகுதான் சொல்கிறாய். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அதனால்தான் உனக்கு ஆபீசில் திடீரென்று வேலை வந்து, "டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்றிவிடலாம்மா" என்று நீ சொன்னதும், "வேண்டாம், நான் போய்விட்டு வருகிறேன்" என்று சொன்னேன். நீ ஒரு நிமிஷம் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தாய். அப்புறம் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்தாய். ஹோட்டல் விலாசம், தண்ணீர் எப்படிக் கேட்பது, "சின் ஹமோன்" என்றால் பன்றிக்கறி இல்லாமல். அந்தத் தாள் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நம் கும்பகோணத்திலிருந்து சென்னை போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டான். கடைசி அரை மணி நேரம் வெளியே ஆலிவ் மரங்கள்தான். குன்றின் மேலேயும் சரிவிலேயும் நூல் பிடித்து நட்ட மாதிரி வரிசை.

கோர்தோபாவின் பழைய பெரிய மசூதிக்குள் நேராகப் போகவில்லை. முதலில் அதன் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆரஞ்சு மர முற்றம் என்று பெயர். மார்ச் மாதம் இல்லையா, பூத்திருந்தது. நம் கொல்லையில் எலுமிச்சை பூத்தால் வருமே, அதே வாசனைதான், இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக. மரத்துக்கு மரம் தரையில் சின்ன வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். நான் காவேரிக்கரையில் பிறந்தவள். வாய்க்காலைப் பார்த்ததும் தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே திரும்பும் என்று கண் தானாகவே போய்விட்டது. அங்கே ஆரஞ்சை நரான்ஹா என்கிறார்கள். அந்தச் சொல் நம் நாரத்தையின் வழியில், வடமொழி, பாரசீகம், அரபு என்று ஊர் ஊராகத் தங்கி அங்கே போய்ச் சேர்ந்தது என்று மொழி படித்தவர்கள் சொல்கிறார்கள். நீ இதைத்தான் என்னிடம் ரயில் ஏற்றும்போது சொன்னாய். அப்போது காதில் விழவில்லை, மரத்தடியில் உட்கார்ந்தபோது ஞாபகம் வந்தது.

உள்ளே போனதும் கண் இருட்டிவிட்டது, வெளியே அவ்வளவு வெயில். மெல்ல மெல்லத் தூண்கள் தெரிந்தன. ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால். 856 தூண் இருக்கிறதாம். 785 வாக்கில் அந்த ஊரை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் ஆரம்பித்து வைத்து, பின்னால் வந்தவர்கள் மூன்று தடவை பெரிதாக்கி, கட்டி முடிக்க இருநூறு வருஷம். நம் ஆயிரங்கால் மண்டபங்களில் தூணுக்குத் தூண் யாளியும் குதிரையும் நிற்கும், பார்த்துக்கொண்டே நடக்கலாம். இங்கே தூணில் ஒரு உருவமும் கிடையாது. சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள் மட்டும், ஒன்றின் மேல் இன்னொன்றாக.

பாப்பா, அந்த இரட்டை வளைவு ஏன் வந்தது தெரியுமா? முதலில் கட்டினபோது தூண்களைப் புதிதாகச் செதுக்கவில்லை. இடிந்து கிடந்த ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், அதற்குப் பின்னால் வந்தவர்களின் கோயில்களிலிருந்தும் எடுத்து வந்து நிறுத்தினார்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. எல்லாமே அவ்வளவு பெரிய கூடத்துக்கு உயரம் போதாதவை. அதனால் தூணின் தலையில் கட்டைத் தூண் வைத்து, நடுவில் ஒரு வளைவு, மேலே ஒரு வளைவு போட்டுக் கூரையைத் தூக்கினார்கள். செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைத்ததில் அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டை. இல்லாததை வைத்துக்கொண்டு சமாளித்ததுதான் அந்த அழகு. நான் ஒவ்வொரு தூணாகக் கை வைத்துப் பார்த்தேன். ஒன்று வழவழப்பு, ஒன்று சொரசொரப்பு. தலைப்பகுதியின் வேலைப்பாடு ஒன்றைப் போல் ஒன்று இல்லை. பின்னால் புதிதாகச் செதுக்கின தூண்களில் கல்தச்சர்கள் தங்கள் பெயரைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் அச்சு எடுத்து ஒரு பக்கம் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே வெகு நேரம் நின்றேன்.

நடுவில் திடீரென்று தூண்கள் நின்றுபோய், ஒரு பெரிய தேவாலயம் வானத்துக்கு எழும்புகிறது. 1236இல் ஊர் கிறிஸ்தவ அரசர் கைக்குப் போனது. 1523இல் நடுவில் தூண்களை எடுத்துவிட்டு இதைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஊர் நகரசபையே எதிர்த்தது. அங்கே வேலைக்குப் போகிற கொத்தனுக்கு மரண தண்டனை என்றுகூட அறிவித்தார்களாம். பேரரசர் சம்மதம் கொடுத்ததால் வேலை நடந்துவிட்டது. எனக்கு முதலில் வயிறு எரிந்தது. அப்புறம் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். தேவாலயமாக இருந்ததால்தான் சுற்றியுள்ள மற்றதெல்லாம் இடிபடாமல் நின்றது என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் எடுத்த தூண்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

வெளியே வந்தபோது மணி இரண்டரை. மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்திருக்கிறேன். இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். நான் காசிக்குப் போயிருக்கிறேன், ராமேஸ்வரம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எங்கேயும் ஒரு தூணைத் தொட்டுப் பார்க்க நின்றதில்லை. பின்னால் யாராவது, "வாங்க வாங்க, பஸ் கிளம்புது" என்பார்கள். இல்லையென்றால் நானே, தம்பிக்குப் பசிக்குமே, அப்பாவுக்கு மாத்திரை நேரமாச்சே என்று கிளம்பிவிடுவேன். கோர்தோபாவில் அந்த இரண்டு நாளும் வேறு யாருக்கும் பசிக்கவில்லை. முதல் நாள் அது என்னவோ கையில் பையை மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் அப்படி இல்லை.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட்டாயே, நன்றாகவே சாப்பிட்டேன். கத்திரிக்காயை மெல்லிசாக நறுக்கி, மாவில் புரட்டிப் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருகிறார்கள். கத்திரிக்காய்க்கு வெல்லமா என்று தயங்கினேன். தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்தேன். சால்மோரேஹோ என்று தக்காளியும் ரொட்டியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்த கெட்டியான குளிர்ந்த சூப். அதன் மேல்தான் ஹமோன் தூவுவார்கள். உன் தாளைக் காட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்துப் போய், முட்டை மட்டும் போட்டுக் கொண்டுவந்தாள்.

இன்னொன்று, உன்னிடம் சொல்லாதது. சனிக்கிழமை ராத்திரி வழி தவறிவிட்டேன். பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுத் திரும்பும்போது போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பழைய யூதத் தெருக்கள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைச் சுவர், இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கமும் இடிக்கிற அகலம். நடந்த இடத்துக்கே இரண்டு தடவை திரும்பி வந்தேன். பத்து நிமிஷம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அப்புறம் ஆறு பள்ளத்தில்தானே இருக்கும், சரிவைப் பார்த்து இறங்கினால் போதும் என்று தோன்றியது. அப்படியே இறங்கினேன். ஒரு திருப்பத்தில் மணிக்கூண்டு தெரிந்தது. ஹோட்டல் அதன் பக்கத்தில்தானே. அன்றைக்குப் படுத்தபோது எனக்கு இருந்த தூக்கம் வெகு நாளாய் வராத தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அதே தெருக்களைப் பகலில் பார்த்தேன். 1315இல் கட்டின சின்ன யூதக் கோயில் ஒன்று இருக்கிறது, நம் வீட்டுக் கூடம் அளவுதான் இருக்கும். பக்கத்தில் யூத அறிஞர் மைமோனிடிஸ் சிலை. வருகிறவர்கள் எல்லாம் காலைத் தொட்டுத் தொட்டுப் பாதம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. அந்த ஊரில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஊரை விட்டுப் போகவேண்டி வந்து, எகிப்தில் பெரிய மருத்துவராக வாழ்ந்தவர். கொஞ்ச தூரத்திலேயே ரோமானியத் தத்துவ ஞானி செனெக்காவின் சிலை. அவரைக் குழந்தையாகவே ரோமுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோட்டைச் சுவர் ஓரம் இஸ்லாமியத் தத்துவ ஞானி இப்னு ருஷ்து சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அவர் 1198இல் மராக்கேஷில் இறந்து, பின்னால் உடலை கோர்தோபாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் அவர் உடல், எடை சமமாக இருக்க மறுபக்கம் அவர் எழுதின நூல்கள் என்று கழுதை மேல் ஏற்றி வந்ததை நேரில் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். மூன்று பேருமே அந்த ஊர்ப் பிள்ளைகள், மூன்று பேரும் வெளியே போனவர்கள். எனக்கு அங்கே உன் ஞாபகம்தான்.

அப்புறம் அந்த முற்றம். சான் பசிலியோ பக்கம் ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த அம்மாள் கையசைத்துக் கூப்பிட்டார். நடுவில் கிணறு, சுற்றிலும் வெள்ளைச் சுவர், சுவர் முழுக்க நீலத் தொட்டிகளில் செடி, என் தலைக்கு இரண்டு ஆள் உயரம் வரைக்கும். அந்தக் காலத்தில் ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பம் வாடகைக்கு இருந்து, ஒரே கிணற்றில் நீர் எடுத்து, ஒரே இடத்தில் துணி துவைப்பார்களாம். நம் ஒண்டுக்குடித்தனமேதான். அவர் நீளக் கழியின் நுனியில் ஒரு தகரக் குவளையைக் கட்டி வைத்திருந்தார். வாளியில் முக்கி, நிமிர்த்தித் தூக்கி, உச்சித் தொட்டிக்கு மேலே கொண்டுபோய் லேசாகச் சாய்க்கிறார். சொட்டு கீழே விழவில்லை. என் கையில் கொடுத்தார். முதல் குவளை என் தோளில் கொட்டியது, இரண்டாவது சுவரில். மூன்றாவது செடிக்குப் போனது. அவருக்கு என் பேச்சு தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் ஊற்றினோம். நீ கூட இருந்திருந்தால் நீ மொழிபெயர்த்திருப்பாய், நாங்கள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கழி என் கைக்கு வந்திருக்காது.

அடுத்த மாதம் உனக்கு நாலு நாள் லீவு வருகிறது என்றாய். எங்கே போகிறாய் என்று சொல்லவில்லை. இந்தத் தடவை போகும் முன்னால் சொல்லு. கூட யார் வருகிறார்கள் என்று கேட்க மாட்டேன். எந்த ரயில், எந்த ஊர் என்று மட்டும் எழுது, நான் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் படித்து வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் சொல்லி ஒரு மூங்கில் கழி வெட்டி, பழைய அலுமினியக் குவளையைக் கம்பியால் கட்டச் சொன்னேன். மாடிக் கைப்பிடியில் தொங்குகிற தொட்டிகளுக்கு இப்போது கீழே கொல்லையில் நின்றபடியே ஊற்றுகிறேன். கம்பி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, சாய்க்கும்போது குவளை சுற்றிக்கொள்கிறது. இறுக்கிக் கட்டினதும் தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா