ஹெரால்டுக்கு என்ன விலை சொல்வது?

பெரம்பூர், சென்னை

அன்புள்ள நண்பர் சுப்பையா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு மறுபடியும் கைப்படவே எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் எனக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

தங்கள் தகப்பனாரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குப் பெங்களூர்க்காரர் ஒருவர் விலை சொல்லியிருப்பதாகவும், அதே வாரம் மதுரையிலிருந்து வந்த புரோக்கர் வண்டியே வேண்டாம், ஷெட்டில் கிடக்கும் ஸ்பேர் பெட்டிகளை மட்டும் கொடுத்தால் போதும் என்று அந்த விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தர முன்வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற வண்டியைவிடத் தூசி படிந்த பெட்டிகளுக்கு ஏன் இந்தக் கிராக்கி என்ற தங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஹெரால்டு என்றால் டாக்டர் வீட்டு வண்டி, வக்கீல் வீட்டு வண்டி. 1961இல் மதராஸில் செய்யத் தொடங்கி, ஏறக்குறையப் பத்தாண்டுகள் அது நம் தெருக்களில் இறங்கிக்கொண்டே இருந்தது. 1983இல் மாருதி வந்தது; எண்பதுகளின் இறுதியில் ஸ்டாண்டர்டு நிறுவனம் கார் செய்வதையே நிறுத்தியது. அதன் பிறகு இருபதாயிரம் ரூபாய்க்குக்கூடக் கேட்பார் இல்லாமல் எத்தனையோ ஹெரால்டுகள் புதுப்பேட்டைக்குப் போய், அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கப்பட்டு, இரும்பு விலைக்கு எடை போடப்பட்டன. அன்று அப்படி அழிந்ததால்தான் இன்று மிச்சம் இருப்பவற்றுக்கு இந்த மதிப்பு. நல்ல நிலையில் ஓடுகிற ஹெரால்டு இப்போது சில லட்சங்களைச் சாதாரணமாகத் தொடுகிறது.

ஆனால் வண்டியின் விலை ஒரு பக்கம் போக, பாகங்களின் விலை வேறு பக்கம் போகிறது. பாகங்களுக்குள்ளும் எல்லாம் ஒன்றுபோல் ஏறவில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் என்று வண்டியை ஓட வைக்கிற சாமான்கள் பெரும்பாலும் இன்றும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. முன்சக்கரத்தைத் தாங்கும் பித்தளை டிரன்னியனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும் என்பது தெரியாமல் நம் மெக்கானிக்குகள் கிரீஸ் அடித்து அடித்துத் திருகுமறை தேய்ந்துபோய், வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கிய கதைகள் உண்டு. இத்தனை முக்கியமான அந்தப் பாகத்துக்கு இன்றும் பெரிய விலை கிடையாது. பிரிட்டனில் டிரயம்ஃப் என்ற பெயரில் ஓடிய ஹெரால்டோடு விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களும் அதே முன்சக்கர அமைப்பைப் பகிர்ந்துகொண்டன. அவற்றை வைத்திருப்பவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருப்பதால் இதை இன்னும் புதிதாகவே வார்த்துக் கொடுக்கிறார்கள். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தாலும் தாங்கக்கூடியதாகத்தான் இருக்கிறது.

விலை எகிறியது வேறு இடத்தில். தங்களுடையது நான்கு கதவு வண்டி. பிரிட்டனில் ஹெரால்டை இரண்டு கதவோடுதான் செய்தார்கள். நான்கு கதவு என்பது நம் மதராஸ் வண்டிக்கே உரியது. ஆகவே பின்கதவு, அதன் கண்ணாடி, கைப்பிடி, ஓரத்து பீடிங், டிரயம்ஃப் என்பதற்குப் பதில் ஸ்டாண்டர்டு என்று பொறித்த பேட்ஜ் ஆகியவற்றை எந்த வெளிநாட்டுக் கடையிலும் வாங்க முடியாது. இவற்றை மறுபடி செய்து விற்கும் அளவுக்கு இங்கே வண்டிகளும் இல்லை. பிஸ்டனை விடப் பேட்ஜுக்கு அதிக விலை என்ற விசித்திரம் இப்படித்தான் வந்தது.

போன மாதம் ஜி.பி. ரோட்டை ஒட்டிய சந்தில், பரம்பரையாக ஸ்பேர் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் போயிருந்தேன். மேஜையின் அடி இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே போனட்டின் முன்னால் பொருத்தும் பேட்ஜ். குரோமில் ஒரு கீறல்கூட இல்லை, சுற்றியிருந்த பழைய செய்தித்தாளின் அச்செழுத்து அதன் மேல் தலைகீழாகப் படிந்திருந்தது. விலை கேட்டேன். அவர் விலை சொல்லாமல், "உங்க வண்டி போட்டோவைக் காட்டுங்க, சார்" என்றார். வண்டி இல்லாதவர்கள் வாங்கிப் போய் அடுத்த வாரமே இரண்டு மடங்குக்கு விற்கிறார்களாம்; அதனால் வண்டியைக் கண்ணால் பார்க்காமல் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார். வியாபாரியே இப்படிக் கட்டுப்பாடு விதிக்கும் நிலைக்குச் சந்தை வந்துவிட்டது என்றால், மதுரைப் புரோக்கர் தங்கள் ஷெட்டில் எதைத் தேடி வந்தார் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பெட்டிகளில் இருப்பவை எல்லாம் பொன் என்றும் எண்ணிவிட வேண்டாம். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்றாலே இந்த வட்டாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. சென்னையிலேயே செம்பியத்தில் செய்த பிஸ்டன், பாடி பகுதியில் செய்த லூகாஸ் டைனமோ, சோலெக்ஸ் கார்புரேட்டர், பேரிங், விளக்குக் கண்ணாடி போன்றவை எத்தனை ஆண்டு கிடந்தாலும் துரு ஏறாமல் இருந்தால் மதிப்புக் குறையாது. ரப்பர் சாமான்களின் கதை வேறு. பிரேக் சிலிண்டருக்குள் போடும் கப், ஹோஸ், ஆயில் சீல் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இறுகி வெடித்திருக்கும். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அரை நூற்றாண்டுப் பழைய ரப்பரை நம்பி மலைப்பாதையில் வண்டி இறக்குவது மடத்தனம். அவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

பீடிங் விஷயத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் பழைய துண்டு ஒன்றை வைத்தே அச்சு வெட்டி, மீட்டர் கணக்கில் இழுத்துக் கொடுக்கத் தொடங்கினார். அதுவரை பதுக்கி வைத்திருந்தவர்களின் சரக்கு ஒரே மழைக்காலத்துக்குள் மதிப்பிழந்தது. பாகங்களை முதலீடாக நினைத்து வாங்கி அடுக்குபவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஒரு நல்ல லேத்துக்காரரும் ஒரு அச்சும் போதும்.

இனி வண்டிக்கு வருகிறேன். மெக்கானிக் என்ன சொன்னாலும், இன்றைய தேதியில் ஹெரால்டின் விலையில் பெரும் பங்கு அதன் காகிதத்தில் இருக்கிறது. 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல், மூல வடிவிலேயே இருக்கும் வண்டியை அதன்படி பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண்ணைத் தருகிறார்கள். ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. தினமும் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் எடுத்துப் போகத் தங்களுக்கு ஆசை இருக்கிறது என்று தெரியும்; அப்படியானால் இந்தப் பதிவு தங்களுக்கு ஒத்துவராது, வழக்கமான மறுபதிவில்தான் தொடர வேண்டும். அதற்கான கட்டணமோ 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது, 2025இல் இன்னும் ஏறியது. அந்த உயர்வைப் பார்த்தே பலர் பழைய வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பித்துப் பிடித்தவர்கள்தான்.

தங்கள் வண்டியில் இன்னும் மதராஸ் மாநிலக் காலத்து அந்த எம்.எஸ். எண்தான் இருக்கிறது, ஆர்.சி. புத்தகமும் பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரிய விஷயம். ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, முதல் எண்ணும் முதல் புத்தகமும் சேஸிஸ் எண்ணோடு ஒத்துப்போகிற வண்டிக்கும், புத்தகம் தொலைந்து வெறும் உடலாக நிற்கிற வண்டிக்கும் விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் புத்தகம் இன்னும் தகப்பனார் பெயரில் இருக்கிறது. யாருக்கு விற்பதானாலும் விற்காமல் வைத்துக்கொள்வதானாலும், முதலில் வாரிசுச் சான்றிதழை வைத்துப் படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பெங்களூர்க்காரர் குறைத்துக் கேட்டிருப்பதற்கு இந்தப் பெயர் மாற்றமே காரணமாக இருக்கக்கூடும். அதைச் செய்ய நேரும் அலைச்சலையும் அவர் விலையில் கழித்திருப்பார்.

அவர் சொன்ன விலை குறைவு என்று தங்கள் மருமகன் கைபேசியில் வேறு வண்டிகளின் விலைகளைக் காட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அவை கேட்கிற விலைகள். கை மாறிய விலையை யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரே ஃபியட்டை இரண்டு தீபாவளியாக அதே விலைக்கு விளம்பரம் செய்பவர் இருக்கிறார். அவருடைய எண்ணைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் வண்டிக்கு அதையே சொல்கிறார்கள். போதாக்குறைக்கு 2022இல் ஒரு பழைய மெர்சிடிஸ் பந்தயக் கார் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போன செய்தி வந்ததிலிருந்து, ஷெட்டில் துருப்பிடித்த அம்பாசடர் வைத்திருப்பவரும் தம்மைக் கோடீசுவரராக நினைத்துக்கொள்கிறார். உலகில் இரண்டே செய்யப்பட்ட அந்தக் காருக்கும் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட அம்பாசடருக்கும் என்ன சம்பந்தம்?

விலையை நிஜமாக நகர்த்துவது வயது என்பது என் கணக்கு. வண்டியின் வயதைச் சொல்லவில்லை, வாங்குபவரின் வயதைச் சொல்கிறேன். நாற்பது, ஐம்பது வயதில் கையில் கொஞ்சம் பணம் சேரும்போது மனிதர் தம் அப்பா ஓட்டிய வண்டியைத் தேடுகிறார். நம் ரங்கநாதன் வைத்திருக்கும் மோரிஸ் எய்ட் போருக்கு முந்திய வண்டி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் வைத்திருக்கிறார். ஆனால் அதில் ஏறிப் பள்ளிக்குப் போன தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பார்க்க வருபவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் போருக்கு முந்திய சாதாரணக் கார்களுக்கு இதே மந்தம்தான். மாறாக, நாம் திரும்பியும் பார்க்காத கான்டெஸாவுக்கும் முதல் மாருதிகளுக்கும் இளைஞர்கள் போட்டி போடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் ஹெரால்டு நடுவில் நிற்கிறது. அதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும். இன்னும் பத்தாண்டு காத்திருந்தால் விலை ஏறிக்கொண்டே போகும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். பிரீமியர் பத்மினி கார் அப்படியல்ல, உற்பத்தி 2001இல்தான் நின்றது, 2023 அக்டோபரில் பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்ஸியும் ஓய்ந்தது. டாக்ஸிகள் ஓடிய வரை அவற்றுக்காகவே ஸ்பேர் செய்துகொண்டிருந்தவர்கள் இனி எதற்குச் செய்வார்கள்? அந்தப் பாகங்களின் விலை இனிமேல்தான் ஏறும் என்று பேசிக்கொள்கிறார்கள். நானும் என் பத்மினிக்கு வேண்டியதை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, புரோக்கருக்குப் பெட்டிகளைத் தனியே கொடுக்க வேண்டாம். பின்கதவுக் கைப்பிடியும் பேட்ஜும் இல்லாத ஹெரால்டை அடுத்து வாங்க வருபவர் பாதி விலைக்குத்தான் கேட்பார். அந்தப் பாதியைப் புரோக்கர் தங்களுக்குத் தரப்போவதில்லை. விற்பதானால் வண்டியும் பெட்டியுமாகச் சேர்த்து, வைத்து ஓட்டுகிறவருக்கு விற்பதே முறை. பெங்களூர்க்காரரிடம் அவருடைய மற்ற வண்டிகள் என்னென்ன, அவற்றை எத்தனை காலமாக வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். வாங்கி விற்பவரா, வைத்துக்கொள்பவரா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பெட்டிகளில் உள்ளவற்றை மருமகனை விட்டு ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே சேஸிஸ் எண் தகடும், பின்கதவுகளின் அடிப்பகுதியும், போனட்டைத் தூக்கிய நிலையில் உள்ளே தெரியும் சட்டமும் தெளிவாக வேண்டும், துரு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதை எடுத்து வைக்கலாம், எதற்கு என்ன விலை என்று பட்டியல் போட்டு அனுப்புகிறேன். பெங்களூர்க்காரருக்கு அதுவரை பதில் சொல்ல வேண்டாம்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கோவிந்தராஜன்