மேல்நிலை ஆங்கில வகுப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, திருத்துறைப்பூண்டியில் நம் சங்கம் நடத்தும் ஞாயிறு வகுப்பின் மேல்நிலை மாணவர்களுக்கு மனிதநேயப் பணியாளர்களும் அமைப்புகளும் இவ்வாண்டின் பாடப்பொருளாயின. வாழ்க்கை வரலாறு ஒப்பிக்கும் முறையை ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டார்கள். பிறந்தார், தொண்டு செய்தார், விருது பெற்றார் என்பதையெல்லாம் பள்ளியிலேயே எழுதித் தள்ளியாயிற்று. இலக்கணம் தேறிய பிள்ளைகளுக்கு வாதிட ஒரு விஷயம் வேண்டும்.

முதல் வாதம் செஞ்சிலுவைச் சங்கத்தை வைத்து எழுந்தது. 1859-இல் சோல்ஃபெரினோ போரில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு, எந்தப் படை என்று பாராமல், ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு உதவியவர் ஹென்றி டுனான்ட். அதன் தொடர்ச்சியாக 1863-இல் செஞ்சிலுவைச் சங்கமும், மறு ஆண்டே முதல் ஜெனீவா ஒப்பந்தமும் வந்தன. போர்க்கைதிகளைப் பார்க்கப்போகும் செஞ்சிலுவைக் குழு, உள்ளே கண்டதைப் பொதுவாக வெளியில் சொல்வதில்லை. 1971-இல் பிரான்சில் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போ, கண்ட கொடுமையை ஊரறியச் சொல்வதும் தன் பணி என்கிறது. எது சரி? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “வாயைத் திறந்திருந்தால் அடுத்த முறை உள்ளே விட்டிருப்பார்களா?” என்று ஒரு மாணவி ஆங்கிலத்தில் எழுந்து கேட்டார். மாதக்கணக்கில் தடுமாறிய அந்த வாக்கிய அமைப்பு பிழையில்லாமல் வந்ததை அவர் கவனிக்கவேயில்லை. ஆசிரியர் கவனித்தார்.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பாடம் இன்னும் சூடாக நடந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, கணவருடன் இந்தப் பகுதிக்கு வந்து பணியாற்றியவர் அவர். 1981-இல் இருவரும் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலம் வாங்கி, நிலமற்ற தலித் குடும்பப் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தது. 2008-இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்ததைவிட, பத்திரம் பெண்கள் பெயரில் ஏன் என்பதே வகுப்புக்குப் பெரிய கேள்வியாயிற்று. நிலம் வாங்கிக் கொடுப்பதையும் அரிசி மூட்டை கொடுப்பதையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்றார் ஒருவர். அதற்குள் 2018 கஜா புயல் பேச்சில் புகுந்துவிட்டது. நிவாரண லாரிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டதையும், தார்ப்பாய்க்காக உள்கிராமத்திலிருந்து நடந்து வந்ததையும் இரண்டு மாணவர்கள் சொன்னார்கள். யாருக்குத் தேவை அதிகமோ அவர்களுக்கே முதலில் என்ற கோட்பாட்டுக்கு அதன்பின் விளக்கவுரை தேவைப்படவில்லை.

சம்பா நடவிலும் அறுவடையிலும் வருகை வழக்கம்போல் குறைந்தது. அதில் குறைசொல்ல எதுவுமில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் கரையோரத்தில் மீட்புப் பணி செய்தவர்களைச் சந்தித்துத் தமிழில் பேட்டி எடுத்து, அதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அடுத்த ஆண்டுப் பாடமாக அதை ஏற்கவும், ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்