மைதானத்தைத் துண்டு போடாதீங்க: பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் வணக்கமுங்க.

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் எங்கள் கால்பந்து கிளப் பிள்ளைகள் ஆடும் மைதானத்தில் இரண்டு டர்ஃப், அதாவது செயற்கைப் புல் களம் போட்டு, சுற்றி வலை கட்டி, விளக்கு வைத்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப் போவதாகக் கேள்விப்பட்டோம். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வருகிறதாம். அதற்கு முன்னால், அந்த மைதானத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல். உங்களில் சிலருக்கு இது தெரிந்த கதை. உங்கள் மன்றத்திலேயே ஒருவர் எங்களுக்கு லெஃப்ட் பேக் ஆடியவர். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆரம்பம் 1990. இத்தாலியில் கால்பந்து உலகக் கோப்பை நடந்த ஜூன் மாதம். முதல் சுற்று ஆட்டங்களில் பாதி நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கும். அரைநைட் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வருகிறவர்களுக்கு அது தோதாகப் போய்விட்டது. பஸ் ஸ்டாப் டீக்கடை டிவி முன்னால் பஞ்சு ஒட்டிய தலையோடு நின்று பார்ப்பார்கள். நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவை முதல் ஆட்டத்திலேயே கேமரூன் 1-0 என்று சாய்த்தது. கேமரூன் ஆட்கள் இரண்டு பேருக்குச் சிவப்பு அட்டை, கடைசியில் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு ஜெயித்தார்கள். அப்புறம் 38 வயது ரோஜர் மில்லா கோல் போட்டுவிட்டு கார்னர் கொடிக்குப் பக்கத்தில் போய் ஆடியதைப் பார்த்ததும் ஊரில் பாதிப் பேருக்குப் பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. மில்லில் ஏற்கெனவே ஒரு டீம் இருந்தது. அவர்கள்தான் சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுக்கான் கல்லைப் பொறுக்கி அந்தப் புறம்போக்கை மைதானமாக்கினார்கள்.

முதல் கோல் போஸ்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விதிப்படி கோல் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அதாவது 24 அடிக்கு 8 அடி. கடையில் கிடைக்கும் ஜிஐ பைப் 20 அடி. மேலே குறுக்காகப் போட முழுசாக ஒரு பைப் வாங்குவதற்கே சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் போட வேண்டியிருந்தது. நாலடித் துண்டு வாங்கி வெல்டிங் வைக்கக் காசு இல்லை. அதனால் எங்கள் கோல் 20 அடியிலேயே நின்றுவிட்டது. அதில் பழகிய எங்கள் கோல் கீப்பர்கள் கோயமுத்தூருக்கு மேட்ச் ஆடப் போனால், நடுவில் வருகிற பந்தையெல்லாம் பிடிப்பார்கள், இரண்டு ஓரத்திலும் தலா இரண்டடியில் கோல் வாங்குவார்கள். ஒர்க்ஷாப் வைத்திருந்த ஒருவர் பிற்பாடு அந்தத் துண்டை இலவசமாக ஒட்டிக் கொடுத்தார். ஒட்டின தழும்பு இன்றைக்கும் பெயின்டுக்கு அடியில் தெரியும்.

மில் மூடியது. கோயமுத்தூர்ச் சீமையில் அந்த வருஷங்களில் எத்தனை மில் மூடியது என்று உங்களுக்கே தெரியும், அதை நான் விரிக்கவில்லை. டீமில் ஒருத்தர் பல்லடம் தறிக்குடோனுக்குப் போனார், இன்னொருத்தர் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங்குக்குப் போனார். பெரியவர்கள் ஆடப் பதினோரு பேர் சேரவில்லை. சாயங்காலம் மைதானத்தில் மிச்சமிருந்தது அவர்களுடைய பிள்ளைகள்தான். எங்கள் கிளப் சிறுவர் கிளப் ஆனதற்குப் பின்னால் பெரிய திட்டம் எதுவும் கிடையாது. மில் டீமில் சென்டர் ஹாஃப் ஆடிய ஒருவர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் வந்து விசில் ஊதினார், பொடுசுகள் வரிசையில் நின்றார்கள். அவரைத்தான் ஊரே இன்றைக்கும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறது. பின்னால் 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்துவிட்டோம். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் மளிகைக்கடைக்காரர், வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பந்தை உதைத்ததில்லை. ஆனால் கணக்கு நோட்டு அவர் கையில் இருந்ததால்தான் கிளப் பிழைத்தது என்பது என் அபிப்பிராயம்.

அப்போது எங்களிடம் இருந்ததெல்லாம் 5ஆம் நம்பர் பந்து ஒன்றுதான். அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கனம், மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். எட்டு வயதுப் பிள்ளை அதை உதைத்தால் கால்தான் வலிக்கும், பந்து போகாது. சின்னவர்களுக்கு 3, நடுவில் உள்ளவர்களுக்கு 4 என்று பந்து பிரித்து வாங்க ஆரம்பித்த பிறகுதான் பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்த்து ஆடத் தொடங்கினார்கள். இன்னொரு வாத்தியார் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றில், மேற்குப் பக்கமாகத் தூக்கி அடித்த பந்து அடித்தவன் தலைக்கே திரும்பி வரும். டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் எடுப்பது என்று எங்கள் ஊர் ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். அந்தக் காற்றுக்குப் பயந்து பந்தைத் தரையிலேயே உருட்டிப் பழகினார்கள். வெளியூர்க்காரர்கள் எங்கள் பசங்களைப் பார்த்து, "யாருங்க இவங்களுக்குத் தரைப் பாஸ் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டபோது மாஸ்டர் மேற்கே கையைக் காட்டினார்.

2019 மார்ச் 9ஆம் தேதி வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனோம். ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியின் கடைசி நாள். சென்னை சிட்டி அணிக்கு அப்போது அதுதான் சொந்த மைதானம். முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு, அப்புறம் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திக் கோப்பையை எடுத்தார்கள். நம்ம சீமையில் நடந்த அப்படி ஒரு ஆட்டத்தைப் பிள்ளைகள் நேரில் பார்த்தது பெரிய விஷயம். அந்த அணி இன்றைக்கு ஐ-லீக்கில் இல்லை. எங்கள் பசங்கள் மறுநாள் காலையிலேயே மைதானத்தில் இருந்தார்கள், இப்போதும் வருகிறார்கள்.

பெண் பிள்ளைகள் வந்தது அதற்குக் கொஞ்சம் முன்னால். 2018இல் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்துப் பட்டம் வாங்கினார்கள். அந்தப் பேப்பர்ச் செய்தியைப் பள்ளிக்கூட பி.டி. டீச்சர் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அடுத்த வாரம் நாலைந்து பேர் சுடிதாரோடு வந்து நின்றார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிற ஒரு அம்மா சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோடு மைதானத்துக்கே வந்து, "ஏனுங்ண்ணா, புள்ளையச் சேத்துவிட்டா பீஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டார். "பீஸெல்லாம் இல்ல கண்ணு, ஷூ மட்டும் வாங்கிக் குடு" என்றார் மாஸ்டர். அந்த அம்மா நம்பவில்லை, இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போனார். 2023இல் தமிழ்நாடு மறுபடியும் அதே பட்டத்தை வாங்கியபோது எங்களிடம் பெண்களுக்கென்று முழு டீமே இருந்தது.

இப்போது ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அப்பா ஸ்பின்னிங் மில்லில், வீடு காம்பவுண்டு லைன் வீட்டில். தமிழ் பேசப் பழகியதே பந்துக்குக் கத்திக் கத்தித்தான். போட்டிக்குப் பதிவு செய்யப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அது பல பேரிடம் இருக்காது. அதற்காகச் சொந்த ஊருக்குப் போன் போட்டு, கடிதம் எழுதி வாங்குவது எங்கள் வேலையில் பாதி.

இனி விஷயத்துக்கு வருகிறேனுங்க.

டர்ஃபே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு நண்பர்களோடு ஆட வருகிறவர்களுக்கு அது நல்ல இடம். பேரூராட்சிக்கும் வருமானம் வேண்டும், நியாயம்தான். ஆனால் நீங்கள் போடப் போவது ஐந்து பேர், ஏழு பேர் ஆடுகிற களம். இரண்டையும் மைதானத்தின் நடுவில் போட்டால் முழுக்களம் போய்விடும். கால்பந்துக் களத்தின் நீளம் விதிப்படி 90 முதல் 120 மீட்டர். பதின்மூன்று, பதினாலு வயதுக்கு மேல் பிள்ளைகள் ஆடுகிற லீக், பள்ளி விளையாட்டு, மாவட்டத் தேர்வு எல்லாம் பதினோரு பேர் ஆட்டம். கூண்டுக்குள்ளேயே ஆடிப் பழகிய பிள்ளைக்கு ஆஃப்சைடு வராது, தூரத்துப் பாஸ் வராது, கார்னர் எடுக்கத் தெரியாது. அங்கே தோற்றுவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடும் இல்லை, அரசு வேலையில் இருக்கும் 3 சதவீதமும் இல்லை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லைங்க.

சின்னவர்களுக்குச் சின்னக் களம்தான் சரி என்று உங்களில் யாராவது சொல்லலாம். உண்மைதான். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018இல் தொடங்கிய பேபி லீக்கின் அடிப்படையே அதுதான். நாங்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்ணாம்புத் தூள் போட்டு இதே மைதானத்தைக் குறுக்கே நாலாகப் பிரித்துத்தான் பொடுசுகளை ஆட விடுகிறோம். பத்து மணிக்குக் கோட்டை அழித்துவிட்டால் பெரியவர்களுக்கு முழு மைதானம். இரும்புத் தூணும் வலையும் நட்ட பிறகு அப்படி அழிக்க முடியாது.

செலவையும் கொஞ்சம் யோசியுங்கள். செயற்கைப் புல் எட்டு, பத்து வருஷத்தில் தேய்ந்துவிடும், மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் கருப்பு ரப்பர்த் துகள் கொதிக்கும். அப்போது யார் வாடகை கொடுப்பார்கள்? எங்கள் பிள்ளைகள் வருகிற நாலரை மணியோ டர்ஃப்காரருக்கு வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். மணிக்கணக்கில் வாடகை என்றால் செக்கிங் போகிற அந்த அம்மாவின் பிள்ளை வலைக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

மைதானம் எங்களுக்கே சொந்தம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை சந்தைக்காரர்களின் வண்டி நிற்கும். புதன்கிழமை பிள்ளைகள் முட்டைக்கோஸ் இலையையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கிவிட்டுத்தான் ஆடுவார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டால் ராட்டினமும் கடைகளும் வரும், நோன்பு முடிகிறவரை நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம். அதில் எங்களுக்குக் குறையே இல்லை.

எங்கள் யோசனை இதுதான். மேல்நிலைத் தொட்டிப் பக்கம் வடகிழக்கு மூலை சும்மா கிடக்கிறது. ஒரு டர்ஃப் அங்கே தாராளமாக அடங்கும், முழுக்களத்தில் ஒரு அடிகூடப் போகாது. அதை வாடகைக்கு விடுங்கள், ராத்திரி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விடுங்கள். சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரைக்கும் பெரிய மைதானம் பிள்ளைகளுக்கு இலவசம் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். வருகிற வாடகையில் முதல் வேலையாகப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை கட்டுங்கள். இப்போது அவர்கள் கோயில் பூசாரி வீட்டுக்குப் போய் வருகிறார்கள், அவர் ஊரில் இல்லாத நாளில் பிராக்டீஸ் பாதியில் நிற்கிறது. தண்ணீர் தெளிக்க ஒரு குழாய் கொடுத்தால் புழுதி அடங்கும். கோடு போடுவது, வலை மாற்றுவது, முள் வெட்டுவது எல்லாம் வழக்கம்போல எங்கள் பொறுப்பு.

தீர்மானம் வருவதற்கு முன்னால் ஏதாவது ஒரு சாயங்காலம் இன்ஜினீயரையும் கூட்டிக்கொண்டு மன்றத்தார் மைதானத்துக்கு வாருங்கள். அந்த மூலையைச் சேர்ந்தே அளந்துவிடலாம். டேப் நாங்கள் கொண்டுவருகிறோம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாமுங்க, சந்தை.

இப்படிக்கு,
கிளப் செயலாளர், மற்ற நிர்வாகிகளுக்காகவும்