அண்ணனுக்கு, பரணில் கிடக்கும் பூட்ஸைப் பற்றி

அன்புள்ள அண்ணா,

உன் சின்ன மகளைக் கால்பந்து ஆட வேண்டாம் என்று நீ நிறுத்தியதைப் பற்றி, போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோதே பேசியிருக்க வேண்டும். அண்ணி மீன் வறுத்துக்கொண்டிருந்தார், நீ கடையிலிருந்து களைத்துப் போய் வந்திருந்தாய். பேச்சை எடுத்தால் யாரும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டோம் என்று வாயை மூடிக்கொண்டேன். பாண்டிச்சேரி திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அதே நினைப்புதான். உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ சொன்னதையே சொல்லும் அப்பாக்களை நம் தெருவிலேயே நான்கு பேர் எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சின்னவள் நாற்காலி போட்டு ஏறி எனக்குக் காட்டினாள். பொங்கல் பானைக்குப் பின்னால், மஞ்சப்பைக்குள் அவளுடைய பூட்ஸ். அடியில் ஸ்டட்ஸுக்கு நடுவே மண் காய்ந்து ஒட்டியிருந்தது. "துடைச்சு வெச்சிருக்கலாமேடி" என்றேன். "வேணாம் அத்தை, அது கிரவுண்டு மண்ணு" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பன்னிரண்டு வயசாகிவிட்டது, வெயிலில் கறுத்துப் போவாள், பந்து ஆடி என்ன கிடைக்கப் போகிறது. நீ சொன்ன காரணம் மூன்று. மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

2004 டிசம்பர் 26 உனக்கு மறக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ தேவனாம்பட்டினம் ஓடினாய், மறுநாள் ராத்திரிதான் வீடு வந்தாய். வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. கடல் கொண்டுபோன வீடுகளின் பிள்ளைகளுக்காகக் கடலூரில் அரசுக் காப்பகம் வந்தது. அங்கிருந்த பெண் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் கற்றுக்கொடுத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகள், வீட்டை இழந்த பிள்ளைகள். ஒரு பந்தை அவர்கள் காலடியில் போட்டால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் யோசித்த மனுஷனை எப்படிப் பாராட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி. பேரில் விளையாட்டும் கல்வியும் சேர்ந்தே இருப்பதைக் கவனி. நீ அவை இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறாய்.

அந்த அணி எவ்வளவு தூரம் போனது தெரியுமா? பெண்களுக்கான தேசிய லீக்கான இந்தியன் விமன்ஸ் லீக்கின் இரண்டாவது சீசன், அதன் இறுதிச் சுற்று 2018-இல் ஷில்லாங்கில் நடந்தது. மொத்தம் ஏழு அணிகள். மணிப்பூரிலிருந்து வந்தார்கள், ஒடிசாவிலிருந்து வந்தார்கள், கேரளாவிலிருந்து கோகுலம் வந்தது, மதுரையிலிருந்து சேது எஃப்.சி. வந்தது. அந்த ஏழில் ஒன்று நம் கடலூர். பெரிய கம்பெனி இல்லை, சினிமாக்காரர் யாரும் முதலாளி இல்லை. கடலூர் கிரவுண்டில் விடியற்காலையில் ஓடிய பெண்கள் அவ்வளவு தூரம் போய் ஆடினார்கள். அந்த வாரம் நம் ஊர் டீக்கடையில் யாராவது அதைப் பேசினார்களா? ஐ.பி.எல். பேசியிருப்பார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதே வருஷம் பிப்ரவரியில் இன்னொன்று நடந்தது. பெண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது, பெரும்பாலும் கோப்பை மணிப்பூருக்குத்தான் போகும். அந்த மணிப்பூரைக் கட்டக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் 2-1 என்று தமிழ்நாடு வென்றது. முதல் முறை. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாவது முறையும் கோப்பையைக் கொண்டுவந்தார்கள்.

இப்போது இந்துமதியைப் பற்றி. இந்துமதி கதிரேசன், 1994-இல் பிறந்த கடலூர்ப் பெண், நடுக்கள ஆட்டக்காரர். பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொள்வார், பந்து காலுக்கு வரும்போது அடுத்து எங்கே போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். சின்னவளிடம் அந்தப் பழக்கத்தைப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன். 2017 ஜனவரியில் சிலிகுரியில் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம், பங்களாதேஷை இந்தியா 3-1 என்று வென்றது. அந்த மூன்றாவது கோல் இந்துமதி அடித்தது. பிறகு 2019-இல் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று லீக் கோப்பையை எடுத்தது. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அப்போதுதான்.

2023 மே மாதம் அகமதாபாத்தில் நடந்த லீக் இறுதி ஆட்டத்தை நான் போனில் பார்த்தேன். கோகுலம் 5-0. முதல் கோல் சந்தியா ரங்கநாதன், நம் பண்ருட்டிப் பக்கத்துப் பெண். கொஞ்ச நேரத்தில் இந்துமதியும் ஒன்று அடித்தார். இந்தியாவின் பெரிய லீக், அதன் இறுதி ஆட்டம், அடித்த ஐந்து கோலில் இரண்டு ஒரே மாவட்டத்துப் பெண்களுடையது. நான் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். அடுத்த வருஷம் இந்தியாவின் சிறந்த வீராங்கனை விருதை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் யாருக்குக் கொடுத்தது? அதுவும் இந்துமதிக்குத்தான்.

சரி, கோப்பை சோறு போடுமா என்பாய். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் நாம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது அவர் சென்னையில் ரோட்டில் நின்று டியூட்டி பார்த்தார். போலீஸ் ஆளெடுப்பில் விளையாட்டுக்காரர்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, மற்ற அரசு வேலைகளில் 3 சதவீதம். தேசிய அளவில், மாநில அளவில் ஆடிய சான்றிதழ் வேண்டும், அது சும்மா கிடைக்காது. எல்லோருக்கும் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீ கட்டும் டியூஷன் பணத்துக்கும் யாரும் உத்தரவாதம் தரவில்லையே அண்ணா.

அடிபடும் என்று நீ பயந்தால் அது நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. பெண்களுக்கு முட்டி ஜவ்வு கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். ஆட்டத்துக்கு முன்னால் ஒழுங்காக வார்ம்-அப் செய்தால், குதித்து இறங்கும்போது முட்டியை எப்படி வைப்பது என்று பழகினால், அந்த ஆபத்து நன்றாகக் குறையும். கோச்சிடம் போய் நீயே கேள். கேட்கிற அப்பா இருந்தால் கோச்சும் இன்னும் கவனமாக இருப்பார்.

கறுத்துப் போவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நம் அம்மா கறுப்புதான்.

பன்னிரண்டு வயசு என்கிறாயே, அங்கேதான் எனக்கு வலிக்கிறது. சில்வர் பீச் மணலில் நீங்கள் ஆடும்போது கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுவது என் வேலை. ஒரு நாள் ஆள் குறைந்தது, நீதான் என்னைக் கூப்பிட்டு கோலில் நிறுத்தினாய். இரண்டு செருப்பு, அதுதான் போஸ்ட். யாரோ ஓங்கி அடித்த பந்து நேராக என் மூக்கில் பட்டது. கோல் விழவில்லை. உன் சட்டையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, "நல்லா நின்ன பாப்பா" என்றாய். அம்மாவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாய். அப்புறம் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட டீமில் என் பேர் வந்தது. வெளியூர் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா "வயசுக்கு வந்த பொண்ணு, வேணாம்" என்றார். பி.டி. டீச்சரும் ஒரு வார்த்தை கேட்காமல் பேரை அடித்துவிட்டு வேறு பெண்ணை எழுதிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி எனக்காக அப்பாவிடம் பேசியது வீட்டில் நீ ஒருவன்தான். திண்ணையில் நின்று, குரல் நடுங்க. உனக்கு அப்போது பதினேழு வயசு. நீ தோற்றாய். ஆனால் நீ பேசியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

இப்போது அவளுக்காகப் பேச அப்படி ஒரு அண்ணன்கூட இல்லை, அவளுக்கு மூத்தது அக்காதான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறேன். ஆறு மணிக்கு அவளைக் கிரவுண்டுக்கு நான் கூட்டிப்போகிறேன், நீ கடை திறப்பதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் வந்து வேலியோரம் நின்றால் போதும். பரணிலிருந்து பையை இறக்கி வை. அவள் காலில் போட்டுப் பார்த்தேன், பெருவிரல் இடிக்கிறது என்றாள். ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும். பழைய பூட்ஸைத் தூக்கிப் போடாதே, அந்த மண் அப்படியே இருக்கட்டும்.

உன்
பாப்பா