கட்டடங்களுக்கு முன் வண்டி வரட்டும்: கொழும்புக் கரையோரம் பற்றி ஒரு திறந்த மடல்

கௌரவ போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும், நகர அபிவிருத்தி அதிகார சபையினருக்கும், கொழும்பு துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே மடலை மூன்று தரப்புக்கும் எழுதுகிறேன். காலிமுகத்திடலுக்கு அப்பால் கடலில் எழுந்த நிலத்துக்குப் பஸ்ஸோ ரயிலோ எப்போது வரும் என்று ஒரு சாதாரண பயணி கேட்க நினைத்தால், யாரிடம் கேட்பது என்பதே தெளிவில்லை. துறைமுக நகரத்துக்குள் ஆணைக்குழு. வெளியே வந்தால் நகர அபிவிருத்தி அதிகார சபையும் மாநகர சபையும். ரயிலுக்கு ஒரு திணைக்களம், சிவப்பு பஸ்ஸுக்கு இலங்கை போக்குவரத்துச் சபை, தனியார் பஸ்ஸுக்கு மேல்மாகாண அதிகார சபை, தார் போட வீதி அபிவிருத்தி அதிகார சபை. ஒவ்வொருவரும் தங்கள் எல்லைக்குள் சரியாகத்தான் வேலை செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மட்டக்குளியிலிருந்தோ மொறட்டுவையிலிருந்தோ புறப்படும் ஒருவர் இந்த எல்லைகள் எல்லாவற்றையும் ஒரே காலைப் பொழுதில் கடக்கவேண்டியிருக்கிறது.

நான் கேட்பது இதுதான்: துறைமுக நகரத்தின் நிலம் இன்னும் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்போதே பொதுப் போக்குவரத்துக்கான பாதையை வரைந்து, சட்டப்படி ஒதுக்கி, வண்டி ஓடத் தொடங்கும் தேதியையும் அறிவியுங்கள். பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது அந்தத் தேதியை அனுமதியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

2014 செப்டெம்பரில் துறைமுக நகரத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. 2015இல் ஆட்சி மாறியதும் நின்றது, 2016இல் மறுபடி தொடங்கியது, 2019 ஜனவரியில் கடலை நிரப்பும் வேலை முடிந்தது. 269 ஹெக்டேயர் புது நிலம். இரண்டு அரசாங்கங்கள், ஒரு வழக்காடல் காலம், மீனவர்களின் போராட்டம், இத்தனையையும் தாண்டி ஐந்து வருடத்துக்குள் கடல் தரையானது. முடிவெடுத்தால் இந்த நாட்டில் வேலை நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் அங்கே குடியிருப்பார்கள், அதைப்போல் பல மடங்கு பேர் நாளாந்தம் வந்துபோவார்கள் என்று திட்டத்தை வகுத்தவர்களே சொல்லிவந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் நுழையப்போவது எங்கே? காலி வீதி வந்து முட்டும் அதே காலிமுகத்திடல் சந்தியில். ஷங்ரிலா, வன் கோல் ஃபேஸ், ஐடிசி, சின்னமன் லைஃப் என்று அடுத்தடுத்து உயர்ந்த கட்டடங்களின் கார்கள் ஏற்கெனவே வந்து சேரும் அதே இடத்தில்.

கார்களுக்கு வழி செய்யப்படாமல் இல்லை. களனிப் பாலத்துப் பக்கமிருந்து துறைமுகத்தை ஒட்டி 5.3 கிலோமீற்றருக்குத் தூண்களின் மேல் ஒரு வீதி, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில், திட்டமிடப்பட்டு எழுந்தது. அதை நான் எதிர்க்கவில்லை. துறைமுகத்து லொறிகள் நகர வீதிகளிலிருந்து விலகினால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் காருக்கும் லொறிக்கும் கடன் எடுக்கலாம் என்றால், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மட்டும் ஏன் 'நாட்டில் பணமில்லை' என்ற பதில் வருகிறது? 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியை மீண்டும் திறந்துவிட்டோம். வீதியின் அகலம் கூடவில்லை.

இங்கே இலகு ரயிலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கோட்டையிலிருந்து பொரளை, ராஜகிரிய, பத்தரமுல்லை வழியாக மாலபே வரை 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். ஜப்பானின் அபிவிருத்தி உதவி நிறுவனமான ஜைக்காவோடு 2019 மார்ச்சில் முதற்கட்டக் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டி 0.1 வீதம். திருப்பிக் கட்ட 40 வருடம், அதில் முதல் 12 வருடம் சலுகைக்காலம். அதைவிட மலிவான கடன் இந்த நாட்டுக்கு வெகு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கும். 2020 செப்டெம்பரில், செலவு அதிகம், கொழும்புக்குப் பொருத்தமில்லை என்று சொல்லித் திட்டம் ரத்துச் செய்யப்பட்டது. அப்புறம் என்ன நடந்தது? அதே ராஜகிரிய, அத்துருகிரிய திசையில் தூண்கள் மேல் அதிவேக வீதி ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, அப்போதைய ஜனாதிபதி டோக்கியோவுக்குப் போய் அந்த ரத்துக்காக வருத்தம் தெரிவித்தார். அந்த ரத்து தவறு என்றே நான் கருதுகிறேன். செலவு பற்றிய கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்டு, கணக்குப் பார்த்து, பொதுவில் விவாதித்து எடுத்த முடிவாக அது இருக்கவில்லை. ஒரு கடிதத்தில் முடிந்துபோனது.

கோட்டைக்கும் பொரளைக்கும் இடையே தண்டவாளத்தில் வண்டி ஓடுவது புதுமையும் இல்லை. 1899இலிருந்து 1960 வரை கொழும்பில் மின்சார ட்ராம் ஓடியது. கோட்டையிலிருந்து பொரளைக்கு ஒரு பாதை, கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதை. எங்கள் தாத்தா தலைமுறைக்கு இருந்த ஒன்றைப் பேரப்பிள்ளைகளுக்குக் கனவாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் அரசியல்வாதிகள் கட்சி வேறுபாடில்லாமல் சிங்கப்பூரை உதாரணம் காட்டுவார்கள். சரி, அந்த உதாரணத்தையே முழுதாகப் பார்ப்போம். ரயில் வேண்டுமா, பஸ்ஸே போதுமா என்ற கேள்வி சிங்கப்பூரிலும் வருடக்கணக்கில் ஓடியது. 1980இல் ஹார்வர்டிலிருந்து வந்த நிபுணர் குழு, பஸ்ஸை ஒழுங்காக நடத்தினாலே போதும் என்றது. அமைச்சரவைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. தொலைக்காட்சியில் பகிரங்கமாக விவாதித்தார்கள். ஆனால் 1982இல் ஒரு முடிவு எடுத்தார்கள், 1987இல் முதல் ரயில் ஓடியது. 1989இல் மரீனா பே நிலையத்தைத் திறந்தபோது அதைச் சுற்றி இருந்தது பெரும்பாலும் கடலை நிரப்பி எடுத்த வெற்று நிலம். இன்று படங்களில் நாம் பார்க்கும் மரீனா பே சாண்ட்ஸ் கோபுரங்கள் திறந்ததோ 2010இல். கட்டடங்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் முன்னதாகவே நிலையம் வந்து காத்திருந்தது. நம் துறைமுக நகரத்தின் படங்களில் சிங்கப்பூரின் கோபுரங்கள் மட்டும் இருக்கின்றன, அந்த நிலையம் இல்லை.

தலைகீழாகச் செய்தால் என்னவாகும் என்பதற்கு லண்டன் இருக்கிறது. பழைய துறைமுகப் பகுதியில் கேனரி வோர்ஃப் கோபுரங்களைக் கட்டியபோது, 1987இல் திறந்த ஒரு சிறிய இலகு ரயில்தான் அங்கே ஓடியது. பெரிய நிலத்தடி ரயில் பாதை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 1992இல் கட்டிய நிறுவனமே முறிந்தது. சொத்துச் சந்தையின் வீழ்ச்சி ஒரு காரணம், அங்கே போய்ச் சேர்வது சிரமம் என்பதால் அலுவலகங்கள் வாடகைக்குப் போகாததும் ஒரு காரணம். ஜூபிலி பாதை 1999இல் திறந்த பிறகுதான் அந்த இடம் நிமிர்ந்தது. துறைமுக நகரத்தில் முதலீடு வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் இதை முதலில் கவனிக்கவேண்டும்.

எதிர்க்கருத்துகளையும் கேட்டிருக்கிறேன். அதில் அடிக்கடி வருவது, 'அது பணக்காரர்களின் நகரம், அவர்கள் காரில் வருவார்கள், அவர்களுக்கு ஏன் பொதுப் பணத்தில் ரயில்' என்பது. குடியிருப்பவர்களை மட்டும் பார்ப்பதால் வரும் எண்ணம் இது. அந்தக் கோபுரங்களின் கண்ணாடியைத் துடைப்பவர்கள், வாசலில் இரவுக் காவல் நிற்பவர்கள், ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர்கள், கடைத்தொகுதியில் நாள் முழுக்க நின்றுகொண்டே விற்பனை செய்யும் இளம்பெண்கள், இவர்கள் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் வனாத்தமுல்லையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் வரவேண்டும். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்தால் அவர்கள் எதில் வீட்டுக்குப் போவது? கோட்டை நிலையம் வரை நடந்து, அங்கே கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தால் ஓட்டோ பிடிக்கவேண்டும். அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். தனியாக இரவுப் பயணம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னதால் நல்ல வேலையை விட்ட பெண்களை எனக்குத் தெரியும். பொதுப் போக்குவரத்து இல்லாத நகரம் வேலை கொடுக்கிறது என்று சொல்லும்போது, யாருக்குக் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

'கடனில் இருக்கும் நாடு' என்ற வாதத்தை நான் லேசாக எடுக்கவில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் யாரும் அதை லேசாக எடுக்கமாட்டார்கள். ஆனால் அந்த மாதங்களில் கார் வைத்திருந்தவர்களும் ரயிலைத் தேடித்தான் வந்தார்கள். டொலர் கொடுத்து எரிபொருள் வாங்கும் நாட்டுக்கு, ஆளுக்கொரு வாகனம் என்பதுதான் தாங்கமுடியாத செலவு. பணத்துக்கு வழியும் இருக்கிறது. துறைமுக நகரத்துக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் முக்கிய முதலீடுகளுக்கு நாற்பது வருடம் வரை வரிச்சலுகை கொடுக்க இடம்வைத்தது. வரியாக வராவிட்டால் நிலத்திலிருந்து வரட்டும். ஒவ்வொரு காணித்துண்டும் நீண்டகாலக் குத்தகைக்குப் போகிறது. நிலையத்துக்குப் பக்கத்துக் காணிக்கு விலை கூடும் என்பது காணி வாங்கிய எவருக்கும் தெரியும். கூடும் அந்த விலையில் ஒரு பங்கைப் போக்குவரத்துக்கென்று தனி நிதியில் போடுங்கள். குத்தகைகள் எல்லாம் எழுதி முடிந்தபின் இதைக் கேட்பது, வீடு கட்டி முடித்தபின் கிணற்றுக்கு இடம் தேடுவது போலாகிவிடும்.

இலகு ரயிலுக்கு இன்றே அடிக்கல் நாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போதே, பெரிய கடன் இல்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன, அவற்றைச் செய்யாமல் இருப்பதுதான் வருத்தம்.

கரையோர ரயில் பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அங்கேயே இருக்கிறது. கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடலை ஒட்டி வந்து, கொம்பனித்தெருவைத் தாண்டி, காலிமுகத்திடலுக்குப் பின்புறம் செயலக நிலையத்தில் நிற்கிறது. நாளும் அதில் போகிறவர்களுக்குத் தெரியும், அது ஒரு சின்ன மேடை. பல ரயில்கள் நிற்காமலே கடந்துபோகும். ஆனால் துறைமுக நகரத்துக்கு நடந்து போக மிக அருகில் இருக்கும் ரயில் நிலையம் அதுதான்! மேடையை நீட்டுங்கள், கூரை போடுங்கள், எல்லா அலுவலக ரயில்களும் அங்கே நின்று போகச் செய்யுங்கள். அங்கிருந்து காலிமுகத்திடல் சந்தியைப் பாதுகாப்பாகக் கடக்க நிழலான நடைபாதை ஒன்று அமையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரும் அதில் போகக்கூடியதாக இருக்கட்டும். கோட்டையிலிருந்து செயலக நிலையம் வழியாகத் துறைமுக நகரத்துக்குள் சுற்றிவரும் பஸ் சேவை ஒன்று, அதிகாலையிலிருந்து நள்ளிரவு வரை, பயணிகள் நிறையும்வரை காத்து நிற்காமல் நேரசூசிப்படி ஓடட்டும். பஸ் முன்னுரிமைப் பாதையை 2017இல் பரீட்சித்துப் பார்த்த நகரம் இது. கோடு போட்டோம், சில காலம் பொலிசார் நின்றார்கள், பிறகு கோடு தேய்ந்தது. காலி வீதியில் அதை மறுபடி கொண்டுவருவதற்குத் தேவைப்படுவது பெயின்டும் உறுதியும்தான். 100, 101, 155 என்று அந்தப் பக்கம் வரும் பஸ்களில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் காரில் தனியாக வருகிறவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம். வீதியில் ஒரு வரிசையாவது அவர்களுக்குச் சேரவேண்டும்.

இன்னொன்று, சின்ன விடயமாகத் தெரியலாம். 2021இல் துறைமுக நகரத்தின் பெயர்ப்பலகைகளில் தமிழ் விடுபட்டது எங்களில் பலரைக் காயப்படுத்தியது. புதிதாக வைக்கும் தரிப்பிடப் பலகையிலும், ரயிலில் வரும் அறிவிப்பிலும், நேரசூசியிலும் தமிழ் பிழையில்லாமல் இருக்கட்டும். பிறகு ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தும் நிலை வேண்டாம்.

ஆணைக்குழுவினரிடம் தனியாக ஒரு கேள்வி. துறைமுக நகரத்துக்குள் எதிர்காலத் தண்டவாளத்துக்கென்று அகலம் விட்டு ஒதுக்கிய பாதை இருக்கிறதா? இருந்தால் அதன் வரைபடத்தை வெளியிடுங்கள், அடுத்த காணித்துண்டு கைமாறுவதற்கு முன் மக்கள் பார்க்கட்டும். இல்லையென்றால் இப்போதே ஒதுக்குங்கள். அமைச்சர் அவர்களிடம் ஒரு கேள்வி. கோட்டையிலிருந்து மாலபே வரைக்குமான வடிவமைப்புக்குப் பொதுப் பணம் ஏற்கெனவே செலவாகியிருக்கிறது. அந்த ஆவணங்களைத் திறந்து, எந்தப் பகுதியை இன்றும் பயன்படுத்தலாம், எதை மாற்றவேண்டும் என்று ஒரு மதிப்பீடு செய்து பாராளுமன்றத்தில் வைப்பீர்களா? இலகு ரயில் வேண்டாம் என்பதே உங்கள் முடிவு என்றால், அதையும் காரணத்தோடு சொல்லுங்கள், பதிலாக எது எப்போது வரும் என்றும் சொல்லுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையினரே, கரையோரத்தில் அடுத்த கோபுரத்துக்கு அனுமதி கேட்டு வருபவரிடம் கார் தரிப்பிடம் எத்தனை என்று கேட்பதோடு, பஸ் எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள்.

மூன்று தரப்பும் ஒரே மேசையில் இருந்து, பொதுமக்களுக்கு முன்னால், இந்தக் கேள்விகளுக்கு மூன்று மொழியிலும் பதில் சொல்லும் ஒரு கூட்டத்தை இவ்வருடத்துக்குள் நடத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலை நாளில் வைத்தால் மாலை ஆறரைக்குப் பிறகு வையுங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்கள் அப்போதுதான் வந்துசேர முடியும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு நாளாந்தம் ரயிலில் போய்வரும் ஒரு பயணி