ஆண்டறிக்கை: பொருள் எண் 27

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கு அப்புறம் போனில் சொல்லப் போகிறவர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை, கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இல்லை. மரம் நடுதலும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன.

அடுத்து, சென்ற பொதுக்குழுவில் நான் கொண்டுவந்து, எல்லோரும் கைதட்டி ஏற்ற திட்டம். நகரமன்றம் கூடும் நாளெல்லாம் நம்மில் இருவர் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பதினொரு கூட்டம் நடந்தது. ஒன்பதுக்கு நான் தனியாகத்தான் போனேன். "இன்னைக்கும் நீங்க மட்டும்தானா சார்?" என்று வாசல் காவலரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அங்கே போய் என்ன கிழிக்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் கேட்ட நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருளின் எண்ணை வாசிக்கிறார்கள், மேசையைத் தட்டுகிறார்கள், தீர்மானம் ஆகிவிடுகிறது. நம் தெருக் கால்வாய் பொருள் எண் 27. நான் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் ஒத்திவைத்துவிட்டார்கள். கீழே அலுவலகப் பிரிவில் விசாரித்தால், கோப்பில் செலவு மதிப்பீட்டுத் தாளே இல்லை. மனு எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் நிறைவேறியது. பெஞ்சில் யாரும் இல்லாதிருந்தால் அந்தத் தாளை யார் தேடியிருப்பார்கள்?

நகர மண்டபங்கள் பற்றி நான் ஆற்றிய உரைக்கு ஏழு பேர் வந்தார்கள், மைக் செட்காரரைச் சேர்த்து. வராதவர்களுக்காகச் சுருக்கம்: இத்தாலியில் சியனா நகர மண்டபத்தில், ஆட்சிக்குழுவினர் ஒன்பது பேர் கூடும் அறைச் சுவரிலேயே 1338-39இல் லோரென்செத்தி என்ற ஓவியர் நல்லாட்சி நடக்கும் ஊரை வரைந்தார். எதிர்ச்சுவரில் கொடுங்கோலில் பாழான ஊர். வரி போடுகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும். பின்லாந்தில் சாய்னாட்சாலோ என்ற சின்ன ஊருக்கு ஆல்வார் ஆல்டோ கட்டிய மண்டபம் 1952இல் முடிந்தது. அதே கட்டடத்தில் நூலகமும் கடைகளும், உயரத்தில் மன்ற அறை. புத்தகம் எடுக்கவும் சாமான் வாங்கவும் வருகிறவர்களுக்கு மன்றம் படியேறினால் எட்டும் தூரம். 1993இல் அந்த ஊரைப் பக்கத்து நகரத்தோடு இணைத்துவிட்டார்கள். கட்டடத்தைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். அந்த ஊருக்கென்று மன்றம்தான் இல்லை.

கணக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்திருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் கேட்டால் கிடைக்கும். சந்தா பாக்கி உள்ளவர்கள் பாதிக்கு மேல். பெயர் படிக்கப் போவதில்லை, இந்த முறை. பழைய ரசீதுப் புத்தகம் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டதால், கட்டியதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டியிருக்கிறது. பாரிஸ் நகர மண்டபம் 1871இல் எரிந்தபோது பிறப்பு, திருமணப் பதிவேடுகளும் போயின. இரண்டாம் பிரதி நீதிமன்றக் கட்டடத்தில் இருந்தது. அதுவும் அதே நாள்களில் எரிந்தது. அவர்களாவது இரண்டு பிரதி வைத்திருந்தார்கள்.

இடம் தந்தவர்களுக்கும் நாற்காலி தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பதவிக்கு நான் நிற்பதாக இல்லை. யாரும் முன்வராவிட்டால், சரி, பேசிப் பார்க்கலாம். அடுத்த மன்றக் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு. என் வண்டியில் பின் சீட் காலியாகத்தான் இருக்கிறது.

செயலாளர்